மின்விசிறியின் வாக்குமூலம்

அந்த ஆய்விதழின் அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். பேராசிரியர்கள் மாதக்கணக்கில் ஊதிப் பெருக்கி அனுப்பும் கட்டுரைகளை ஒரே மதியத்தில் பாதியாக நறுக்கி, படிக்கிறவன் மூச்சு விடும்படி செய்துவிடுவாள். 'இன்றியமையாத முக்கியத்துவம் வாய்ந்த' என்ற தொடரைக் கண்டாலே அவளுக்குக் கை அரிக்கும்.

கொஞ்ச நாளாக அந்த வேலையில் அவளுக்கு ஒட்டுதல் இல்லை. முன்பெல்லாம் கட்டுரைகளில் பிழை மலிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் ஒரு ஆள் தெரிவார். அவசரக்காரர், பயந்தாங்கொள்ளி, பக்கத்து அறைக்காரரைக் கண்டால் ஆகாதவர் என்று எழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். இப்போது வருவதெல்லாம் ஒரே வழவழப்பு. சோப்புத் தண்ணீரில் கையை விட்டுத் துழாவுவது போல, பிடிக்க ஒன்றும் அகப்படாது. யார் எழுதியிருந்தாலும் ஒரே குரல், ஒரே பணிவு, முடிவில் ஒரே நம்பிக்கை. பிணவறையைப் பற்றிய கட்டுரைகூட 'ஒளிமயமான எதிர்காலத்தை நோக்கி' என்றுதான் முடிந்தது.

இதழின் ஆசிரியரிடம் ஒருமுறை முறையிட்டாள். அவர் எதற்கும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்கிற மனிதர். அதனால் அவருக்கு அலுவலகத்தில் 'ஆகட்டும் சார்' என்றே பெயர். கல்யாணம், கருமாதி, ராஜினாமா எதைச் சொன்னாலும் அதே பதில்தான். அன்றைக்கும் அதையே சொன்னார். பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டுரை அனுப்புகிறவர்கள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினார்களா, எதற்கு என்று கடைசியில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான். மறுவாரத்திலிருந்து எல்லாக் கட்டுரைகளிலும் அந்த வரி முளைத்தது: 'மொழிநடையைச் செம்மைப்படுத்த மட்டும் ஏஐ பயன்படுத்தப்பட்டது.' பெரிய மனதோடு ஒப்புக்கொண்ட அந்த வரியையும் ஏஐதான் எழுதியிருக்கும் என்பதில் கத்தரிக்குச் சந்தேகமே இல்லை.

இப்படியிருக்கையில்தான் அந்தக் கட்டுரை வந்தது. பிறந்தவுடனே குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களின் மருத்துவமனை அனுபவங்கள் பற்றியது. எழுதியவர் பெயரை மறைத்துத்தான் எல்லாக் கட்டுரைகளும் அவள் மேசைக்கு வரும். ஆனால் தலைப்பைப் பார்த்ததுமே இது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கணவனின் அக்கா எழுதியது. நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிற அண்ணி. அந்தக் கட்டுரைக்குள் அவளும் இருந்தாள்.

சில வருடங்களுக்கு முன் கத்தரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது மூச்சு விடவில்லை. அண்ணியின் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். பிரசவம் முடிந்தவர்களைப் போடுகிற பொது வார்டிலேயே அவளையும் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் தொட்டில்கள். அங்கே நடந்ததை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. அலுவலகத்தில் அவளுக்குக் குழந்தை பிறந்ததே யாருக்கும் தெரியாது. பிறகுதான் இந்த வேலையில் சேர்ந்தாள்.

போன வருடம் அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்த மாதிரி அம்மாக்களுக்குன்னு வார்டு மூலையில ஒரு தனி ரூம் ஒதுக்கியிருக்கோம்மா. பரீட்சார்த்தமாத்தான். ஆஸ்பத்திரி சூப்பரிண்டெண்டு அதை ஸ்டோர் ரூமா மாத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். ஒரு ஆராய்ச்சி பண்ணி, இது தேவைன்னு காட்டிட்டா யாரும் கை வைக்க முடியாது. நீயும் பேசேன்" என்றாள். சொந்தக்காரியைப் பேட்டி எடுக்கக் கூடாது என்பது அண்ணிக்குத் தெரியாததல்ல. ஆள் கிடைக்கவில்லை. அந்த அறைக்காகத்தான் கத்தரி சம்மதித்தாள். இன்னொருத்தி அந்தத் தொட்டில்களுக்கு நடுவே படுக்க வேண்டாமே என்று. அண்ணி வீட்டுக் கூடத்தில், மேசையில் போனைப் பதிவு செய்ய வைத்துவிட்டு, கடகடவென்று சுற்றும் மின்விசிறிக்குக் கீழே, முதல்முறையாக வாயைத் திறந்து சொன்னாள்.

உறவினர் கட்டுரை மேசைக்கு வந்தால் தொடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். அது விதி. கத்தரி அதுவரை அதை மீறியதில்லை. ஆனால் நம் சொல் அச்சில் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசை யாரை விட்டது? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தள்ளிவிடலாம் என்று திறந்தாள்.

ஏழாம் பங்கேற்பாளர். வயது, வேலை, படிப்பு எல்லாம் அவளுடையவை. கீழே மேற்கோள்:

'பக்கத்துக் கட்டில்களில் கேட்ட மழலைக் குரல்கள் எனக்கு நம்பிக்கையின் இசையாக ஒலித்தன. குழந்தையை ஏந்திய அந்தக் கணத்தில், இழப்பும் ஒரு வகையில் வரமே என்று உணர்ந்தேன். அது என்னை வலிமையான பெண்ணாக மாற்றியது.'

திரும்பப் படித்தாள். வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டதா என்று மேலே போய்ப் பார்த்தாள். இல்லை, ஏழுதான். எட்டாம் பெண்ணும் வரம் என்றாள். பதினோராம் பெண்ணும் வலிமை என்றாள். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தது போல் பேசினார்கள். கட்டுரையின் முடிவு அதைவிட அழகு: 'தாய்மார்களைத் தனி அறையில் ஒதுக்குவது அவர்களின் மீட்சியைத் தாமதப்படுத்தக்கூடும். பொது வார்டுச் சூழலே உகந்தது எனத் தெரிகிறது.'

கத்தரி கழிவறைக்கு ஓடிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் குனிந்து நின்றாள். அழுகை வந்திருந்தால் தேவலை. வந்தது அருவருப்பு. அவள் போர்வைக்குள் எவனோ படுத்திருந்துவிட்டுப் போனது போல உடம்பெல்லாம் கூசியது. அந்தக் குழந்தையைப் பற்றி உலகத்தில் இருந்ததே அவள் சொன்ன நாலு வார்த்தைதான். அதையும் எடுத்துவிட்டு, வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிற வாசகத்தை ஒட்டி வைத்திருந்தார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இதைப் படித்து ஒப்புதல் தந்த நிபுணர்களின் மதிப்புரைகளைப் புரட்டினாள். முதல் மதிப்புரை இப்படித் தொடங்கியது: 'நிச்சயமாக! நீங்கள் கேட்டபடி, கட்டுரைக்கான நடுநிலையான மதிப்புரை இதோ.' அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பக்கூட நிபுணருக்கு நேரமில்லை. மெஷின் எழுதியதை மெஷினே படித்து, மெஷினே முதுகில் தட்டிக் கொடுத்திருந்தது. நடுவில் படித்தவர்கள் செய்த வேலை பொத்தானை அமுக்கியதுதான்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆகட்டும் சாரின் அறைக்குப் போனாள்.

"சார், இந்த மேற்கோள் எல்லாம் பொய்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனார். "ஏஐ வரி இருக்கேம்மா. ரெண்டு பேர் பாஸ் பண்ணியிருக்காங்க. இதழ் இந்த வாரமே அச்சுக்குப் போகணும்."

"பாஸ் பண்ணினதோட முதல் வரியைப் படிங்க சார்."

படித்தார். காதோரம் லேசாகச் சிவந்தது. ஆனால் அவர் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "பிஸியான மனுஷங்கம்மா. விஷயம் சரியாத்தானே சொல்லியிருக்காங்க? மேற்கோள் பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கத்தரிக்கு வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டாள். பங்கேற்பாளர் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பது அவளைப் போன்றவர்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த ஏற்பாடு. இப்போது அதே ஏற்பாடு, அவள் வாயைப் பொத்திக்கொண்டு பொய்யைக் காப்பாற்றியது. "படிச்சாலே தெரியுது சார். எந்த அம்மா இப்படிப் பேசுவா?"

"படிச்சாத் தெரியறதெல்லாம் ஆதாரமாயிடுமா? ஆகட்டும், பார்க்கலாம்" என்று அவர் அடுத்த கோப்பைத் திறந்தார்.

அன்று அலுவலகம் முடிந்ததும் நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "எங்க கட்டுரை உங்க ஆபீசுக்குத்தானே வந்திருக்கு! கமா எல்லாம் சரியா இருக்கா?"

"நான் சொன்னது எங்க அண்ணி?"

அண்ணிக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் பொய் எழுதுவேன்னு நினைச்சியா? ஒரு எழுத்து நானா எழுதல. பேச்சை எழுத்தாக்குற மென்பொருள்ல போட்டேன். அது அடிச்சுக் குடுத்தது. பக்கம் பக்கமா வந்ததை ஏஐ கிட்டக் குடுத்து, முக்கியமானதை எடுத்துத் தா, நடையைக் கொஞ்சம் சரி பண்ணுன்னு சொன்னேன். இப்ப எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க. ரூம் வேணும்னுதான் நானும் ஆரம்பிச்சேன், ஆனா வந்த பேட்டியெல்லாம் வேற மாதிரி சொன்னா முடிவை நான் மாத்தி எழுத முடியுமா? இதோ பாரு, மூலமே இருக்கு."

மடிக்கணினியைத் திருப்பினாள். கத்தரி படித்தாள். தொடக்கத்தில் அவள் பேச்சு அவள் பேச்சாகவே இருந்தது. அங்கங்கே கொச்சையைப் புரிந்துகொள்ளாமல் உளறியிருந்தாலும் ஆள் தெரிந்தது. அவள் குரல் தாழத் தாழ, எழுத்து தடம் புரண்டது. 'குழந்தையைக் கையில் கொடுத்தபோது என்ன தோன்றியது?' என்ற கேள்விக்குக் கீழே, ஆறு வரிக்கு வரமும் வலிமையும் ஓடியது.

"இந்த இடத்துல நான் பேசவே இல்லை அண்ணி."

"பேசியிருப்பே. அழுதுக்கிட்டு இருந்தே, உனக்கு ஞாபகமிருக்காது."

"எனக்கு ஞாபகமிருக்காது, மெஷினுக்கு இருக்குமா?"

இந்த வித்தையைக் கத்தரி முன்பே பார்த்திருந்தாள். ஒருமுறை ஆசிரியர் குழுக் கூட்டத்தைப் பதிவு செய்தபோது, தேநீர் இடைவேளையில் கருவியை நிறுத்த மறந்துவிட்டார்கள். காலி அறை. ஏசி சத்தம் மட்டும். மென்பொருளோ, 'அனைவருக்கும் நன்றி, தங்கள் ஆதரவு தொடரட்டும்' என்று எழுதி வைத்திருந்தது. பேச்சில்லாத இடத்தில் சும்மா இருக்க அதற்குத் தெரியாது. இரைச்சல் கேட்டால், இங்கே இன்னது பேசியிருப்பார்கள் என்று தானாக இட்டு நிரப்பிவிடும். அன்றைக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும்தான்.

"உங்க வீட்டு ஃபேன் ஓடுன சத்தத்தைக் கேட்டு அது எழுதியிருக்கு அண்ணி. ரெக்கார்டிங்கைப் போடுங்க, கேப்போம்."

"அது காலேஜ் கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றாள் அண்ணி. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, குரலைக் குழைத்தாள். "சரி, அப்படியே இருந்தாலும், உன்னைக் கேவலமாவா காட்டியிருக்கு? நல்லபடியாத்தானே எழுதியிருக்கு? என் ப்ரமோஷன் இதுல தொங்குதும்மா."

நல்லபடியா. அந்தச் சொல்லைக் கேட்டதும் கத்தரிக்கு அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கப் பிடிக்கவில்லை. அண்ணி கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். நல்லவள். வளைகாப்புப் புடவையைத் தேடித் தேடி எடுத்துத் தந்தவள். அவ்வளவு நல்லவளுக்கு, காதைக் கொடுத்து ஒரு தடவை கேட்கத்தான் சோம்பல்.

மறுநாள் காலை கணவன் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா போன் பண்ணிச்சு. ஒரு கமாவுக்காகக் குடும்பத்துல சண்டையான்னு கேக்குது."

"கமா இல்ல. நம்ம பொண்ணு" என்றாள். அவன் டம்ளரை வைத்துவிட்டான்.

அலுவலகத்துக்குப் போன கையோடு ஆகட்டும் சாரின் அறைக் கதவைச் சாத்தினாள். "எப்படித் தெரியும்னு கேட்டீங்களே சார். அந்த ஏழாம் பங்கேற்பாளர் நான்தான்."

எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவருக்கு "ஆகட்டும்" என்று வாய் திறந்தது, பாதியிலேயே நின்றது. பிறகு அவரே அண்ணிக்குப் போன் போட்டு, பதிவை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அண்ணி வந்தாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. மூவரும் உட்கார, மேசையில் வைத்த அண்ணியின் மடிக்கணினியில் பதிவு ஓடத் தொடங்கியது. முதலில் அண்ணியின் கேள்விகள், கத்தரியின் பதில்கள். பிறகு கத்தரியின் குரல் தாழ்ந்தது. மின்விசிறியின் கடகடப்பை மீறி, காதைத் தீட்டிக்கொண்டால் கேட்டது.

"பக்கத்துக் கட்டில்ல குழந்தை அழுதுச்சு. அது அழ அழ எனக்குப் பால் வந்துச்சு. துணியெல்லாம் நனைஞ்சிருச்சு. நர்ஸ் வந்து, குழந்தை எங்கம்மா, பசியாத்துங்கன்னாங்க. நான் போர்வையை மூடிக்கிட்டேன்."

ஆகட்டும் சார் தன் முன்னால் இருந்த மேற்கோளைப் பார்த்தார். 'நம்பிக்கையின் இசை.' தாளை மெல்லக் குப்புறத் திருப்பி வைத்தார்.

பதிவில் அண்ணி கேட்டாள்: "குழந்தையைக் கையில குடுத்தப்ப என்ன தோணுச்சும்மா?"

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. எங்கோ தெருவில் ஒரு வண்டி போனது. மறுபடி மின்விசிறி. ஆகட்டும் சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓட்டிவிடலாம் என்று கையை நீட்டினார்.

"கையை எடுங்க சார். முழுசாக் கேளுங்க."

எடுத்துவிட்டார். சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பதிவுக்குள் யாரோ விசும்புவது கேட்டது. கத்தரி இல்லை, அண்ணி. "போதும்மா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் நிறுத்திடறேன்." அதோடு பதிவு முடிந்தது.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த மௌனத்தைக் கண்ணால் பார்த்து, தானும் சேர்ந்து அழுதவள்தான். மெஷின் அச்சடித்துத் தந்ததும் தன் கண்ணை நம்பாமல் அதை நம்பிவிட்டாள்.

ஆகட்டும் சார் தொண்டையைச் செருமினார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஏழாம் நம்பர் மேற்கோளை மட்டும் எடுத்துடலாம். மத்தது அப்படியே இருக்கட்டும். அதுவும் வேணும்னா, 'மேற்கோள்கள் வாசிப்பு எளிமைக்காகத் திருத்தப்பட்டவை'ன்னு அடியில ஒரு குறிப்பு..."

கத்தரிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. ஒரு பிணத்தை நடு வீட்டில் வைத்துக்கொண்டு, மேலே எந்த விரிப்பைப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று கேட்கிற மனிதரை என்ன செய்வது? "மத்தவங்க ரெக்கார்டிங்கைக் கேட்டீங்களா அண்ணி?"

அண்ணி தலையை ஆட்டினாள். இல்லை.

"அந்தக் கேள்விக்கு அவங்க என்ன சொன்னாங்க? மெஷினை விடுங்க. நேர்ல உக்காந்திருந்தீங்களே, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"யாரும்..." என்றாள் அண்ணி. "பாதிப் பேருக்கு மேல அந்த இடத்துல பேச்சு நின்னு போச்சு. ஒரு பொண்ணு எழுந்து பால்கனிக்குப் போயிட்டா."

ஆக, அந்த ஆராய்ச்சியின் மகத்தான கண்டுபிடிப்பு இதுதான். வெவ்வேறு வீடுகளின் மின்விசிறிகள் எல்லாம் கூடிப் பேசி, குழந்தையைப் பறிகொடுத்தவளுக்குத் தனி அறை தேவையில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தன. படித்தவர்கள் அதற்கு வரிசையாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். கத்தரிக்கு அந்த அறையின் காற்றே ஊசிப்போனது போல நாறியது.

"நான் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன் சார்" என்றாள் அண்ணி. "எல்லாப் பதிவையும் உக்காந்து கேட்டு, கையால எழுதறேன். பேசாத இடத்துல பேசலைன்னே எழுதறேன். ப்ரமோஷன் போனாப் போகுது."

"இதழ்ல அவ்வளவு பக்கம் காலியாயிடுமே" என்று ஆகட்டும் சார் முனகினார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

அண்ணி கத்தரியின் பக்கம் திரும்பினாள். மன்னித்துவிடு என்று கேட்கப் போகிறாள் என்றுதான் கத்தரி நினைத்தாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

"இன்னொண்ணு சொல்லணும். நீ கோவப்படாதே." மென்று விழுங்கினாள். "போன மாசமே சூப்பரிண்டெண்டு முடிவு என்னன்னு கேட்டார். நான் சுருக்கத்தை மட்டும் அனுப்பி வெச்சேன். அதைப் பார்த்துட்டு, அந்த ரூமைக் காலி பண்ணிட்டாங்கம்மா. இப்ப அதுல உடைஞ்ச கட்டிலும் அட்டைப் பெட்டியும் கிடக்கு."

போன மாதத்திலிருந்து இன்றுவரை அந்த வார்டுக்கு எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்? அவர்களிடம் போய் இது மொழிநடைப் பிரச்சினை என்று சொல்ல முடியுமா?

கத்தரி மேசையிலிருந்த மடிக்கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதில் பாசம் கொஞ்சமும் இல்லை. பஸ்ஸை விட்டுவிடுவோம் என்கிற பதற்றத்தில் பிள்ளையை இழுக்கிற பிடி.

"எழுந்திரிங்க. சூப்பரிண்டெண்டைப் பார்க்கப் போறோம்."

"இப்பவேவா? நான் என்னன்னு சொல்லுவேன் அவர்கிட்ட?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் அவரை உக்கார வெச்சு இதைப் போட்டுக் காட்டறேன். அவர் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க கதவை மூடிக்கிட்டு நில்லுங்க. பெட்டியை எல்லாம் நாமளே வெளிய தூக்கிப் போடுவோம்." அண்ணி இன்னும் தயங்கியதைக் கண்டு கத்தரியின் குரல் உடைந்தது. "அந்தத் தொட்டிலுங்களுக்கு நடுவுல இன்னைக்கும் எவளோ ஒருத்தி போர்வையை மூடிக்கிட்டுப் படுத்திருக்கா அண்ணி. நடங்க."